இன்பமணிக்கு வந்தது புற்று அல்ல

பாளையங்கோட்டை,
1912 அக்டோபர்.

அருமை மகன் சத்தியநேசனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே மூன்று பேரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் இருக்கிறோம். கொழும்பில் உன் உடம்பு எப்படி என்று மறுதபாலில் எழுது.

முதலில் இதைக் கேள், உன் தங்கச்சி இன்பமணி பிழைத்துக்கொண்டாள். நீ அழுது எழுதிய கடிதத்தை அவளே வாசித்துச் சிரித்தாள், வாயைக் கட்டியிருந்ததால் தோள்தான் குலுங்கியது. வலது தாடை இரண்டு வருஷமாகப் பைய வீங்கி வந்தது உனக்குத் தெரியும். சொத்தைப் பல் என்று நல்ல பல்லைப் பிடுங்கினார்கள், பக்கத்து வீட்டு இசக்கித்தாய் பற்றுப் போட்டாள், ஒன்றும் வற்றவில்லை. பிறகு யாரோ புற்று என்று சொல்ல, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பேர் சொல்லி ஜெபம் பண்ணிவிட்டார்கள். அவ்வளவுதான், பெண்டுகள் கூட்டமாக வந்து அவளைச் சுற்றி நின்று மோட்சப் பாட்டுப் பாடினார்கள், அந்தப் பிள்ளையே எழுந்துபோய் அவர்களுக்குச் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். உன் அப்பா அதோடு நிற்கவில்லை. சாத்தான்குளத்தில் அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், சாகப்போகிற பெண்ணை உங்கள் மகன் தலையில் கட்டுவது நியாயமில்லை, தானியேலுக்கு வேறு இடம் பாருங்கள் என்று தாமே சொல்லிவிட்டு வந்தார். அதுவரை ஒரு டாக்டர்கூட அவளைத் தொட்டுப் பார்க்கவில்லை. இந்தச் சபையில் உன் அப்பாவைவிட நல்லவர் இல்லை, அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண.

நான்தான் அழுது பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினேன். டாக்டர் துரை தாடையை அழுத்த, எலும்பு அப்பளம் மாதிரி நொறுநொறுத்தது. ஊசி குத்தி மஞ்சள் நீர் எடுத்துப் பார்த்தார். புற்றானால் இவ்வளவு காலம் வலியில்லாமல் வளராது, கழுத்தில் நெறி கட்டியிருக்கும், இது எலும்புக்குள் வளரும் சாதாரணக் கட்டி, ஆளைக் கொல்லாது என்றார். மயக்க மருந்து கொடுத்து, வாய்க்குள்ளேயே கீறி, நுங்கு தோண்டுவதுபோல் தோண்டி எடுத்தார்களாம். வெளியில் தழும்பு இல்லை. எலும்பு மெலிந்திருப்பதால் உடையாமல் இருக்கத் தாடையைக் கட்டியிருக்கிறது, கஞ்சிதான் ஆகாரம். மிச்சம் இருந்தால் மறுபடி வளரும், அடிக்கடி கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார்கள். வண்டியில் அலைந்து என் இடுப்பு விட்டுப்போயிற்று.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் தானியேலுக்கும் நம் தெரு பியூலாவுக்கும் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு இவள் கட்டுப்போட்ட முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். இந்தக் கலியாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று பாதிரி ஐயர் கேட்டதும் கோயில் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. எனக்கு நெஞ்சு பொறுக்காமல் எழுந்தேன், இவள் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டைத் தளர்த்திக்கொண்டு, சாகப்போறேன்னு கேட்டும் ஒரு எட்டு வந்து பாக்காதவன் எனக்கு எதுக்கும்மா, அப்பா போய்ச் சொல்லலைன்னா அவனைத்தானே கட்டியிருப்பேன், இனிமே அப்பாவ ஏசாத என்றாள். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

தானியேல் கொழும்புக்கு வேலைக்கு வருகிறானாம். கண்டால் சுகம் விசாரி, சண்டைக்குப் போகாதே, இது இன்பமணி எழுதச் சொன்னது. எண்ணெய் தேய்த்துக் குளி, கடைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

மறந்துவிடாதே, அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, அவள் முகத்தைப் பார்க்கக் கூசி வெளியிலேயே படுத்துக்கொள்கிறார். அவள் மன்னித்துவிட்டாள். எனக்கு இன்னும் முடியவில்லை, அதனால் நீ எழுது.

உன் அம்மா,
சாலோமி.