கட்டிலுக்கடியில் மூன்று குண்டுகள்

கருவடிக்குப்பம், புதுச்சேரி
18 ஜூலை 2024

யோஹான் அப்பாவுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நான் நலம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு படி ஏறுகிறீர்களா? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். நான் நான்கு வார்த்தை பேசுவதற்குள் "சரி சரி, வெச்சுடறேன்" என்பீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. அதனால் இனி எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

என் வலது தோள் இறுகிப் போய்விட்டது. ஜடை பின்ன முடியவில்லை, பின்னால் கொக்கி மாட்ட முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், மாதவிலக்கு நிற்கிற சமயத்தில், நிறையப் பெண்களுக்கு இப்படி வருமாம். உங்கள் அம்மாவை ஒன்பது வருடம் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைத்த தோள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் போய் ஒரு வருடமாகிறது. தோள் இப்போதுதான் வாய் திறக்கிறது.

பிசியோதெரபி பார்க்கிற செந்தமிழ்ச்செல்வி, "முக்கா கிலோ வெயிட்ட கையில புடிச்சிக்கினு, குனிஞ்சி ஊஞ்சல் மாரி ஆட்டும்மா" என்றாள். தேங்காயை வைத்துப் பார்த்தேன், பிடிக்கு அடங்கவில்லை. அப்போதுதான் கட்டிலுக்கடியில் இருக்கும், நீங்கள் குண்டு எறிந்து விளையாடுகிற பெத்தாங் பெட்டி ஞாபகம் வந்தது. மூன்று இரும்புக் குண்டுகள், எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் பொறித்து. ஒன்றை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். எழுநூற்று இருபது கிராம்.

பத்து நாள் ஆட்டினேன். சும்மா ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் எறியத் தோன்றத்தானே செய்யும்? தெருமுனை மைதானத்துக்கு எடுத்துப் போனேன். உங்கள் பட்டாளத்து நண்பர் பிரூனோவும் மற்ற பென்ஷன்காரர்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். "இன்னா மதாம், வூட்டுக்காரரு குண்டக் கொண்டாந்துட்டீங்க, விக்கவா?" என்றார் பிரூனோ. "எறிய" என்றேன். மண்ணில் கீறிய வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி எறிந்தேன். குறிக்கு வைத்திருந்த சின்ன மரக்குண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் ஏழு மணிக்கு வருகிறேன். நேற்று என் ஜடையை நானே பின்னிக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

உங்கள்
யோஹான் அம்மா


துலோன், பிரான்ஸ்
2 ஆகஸ்ட் 2024

மர்த்துக்கு,

கடிதம் வந்தது. அதற்கு முன்பே பிரூனோ போன் செய்துவிட்டான்.

அந்தக் குண்டுகள் நான் பட்டாளத்தை விட்டு வரும்போது கூட இருந்தவர்கள் கொடுத்தவை. என்னைக் கேட்காமல் எடுத்திருக்கக் கூடாது. அது போகட்டும். ஐம்பது வயதுக்கு மேல், ஆம்பிளைகள் நடுவில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பது நம் குடும்பத்துக்கு அழகா? அம்மா இருந்திருந்தால் இது நடக்குமா? தோள் வலித்தால் தைலம் தேய். மனசுக்கு நிம்மதி வேண்டுமென்றால் சாயங்காலம் ஜெபமாலை சொல்.

நான் மட்டும் இங்கே ஆடுகிறேனா? காலை மடக்க முடியாமல் ஒரு வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். குண்டுகளைத் துடைத்துப் பெட்டியில் வை. வழக்கம்போல டிசம்பரில் இரண்டு மாதம் வருவேன். வந்ததும் பார்ப்பேன்.

கிளோத்


கருவடிக்குப்பம்
20 ஆகஸ்ட் 2024

யோஹான் அப்பாவுக்கு,

கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும், உண்மைதான். குண்டுக்கு மட்டும் மன்னிப்பு. மற்றதற்கு இல்லை.

அம்மா இருந்திருந்தால் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்காது. சாயங்காலம் ஐந்து மணி என்றால் அவர்களுக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டுகிற நேரம். ஒன்பது வருடம் நான் மாலை வெயிலைப் பார்த்ததில்லை. பிரியமாகத்தான் செய்தேன், சொல்லிக்காட்டவில்லை. இல்லை, சொல்லித்தான் காட்டுகிறேன்.

ஜெபமாலையைக் காலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே சொல்கிறேன். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் அனல் ஏறுகிறது, மைதானத்தில் காற்றில் நின்றால் இறங்குகிறது. போன வருடமெல்லாம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. அப்புறம், நான் போட்டுக்கொண்டு போவது புடவை இல்லை, சுடிதார். இதை பிரூனோ சொல்லவில்லையா?

நிறுத்த மாட்டேன்.

மர்த்


துலோன்
14 செப்டம்பர் 2024

மர்த்துக்கு,

இது நீ எழுதுகிற கடிதம் மாதிரியே இல்லை. இந்த வயதில் பெண்களுக்குப் புத்தி தடுமாறும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அதனால்தான் பிரூனோவுக்கு எழுதிவிட்டேன், அவளுக்கு மனநிலை சரியில்லை, நான் வரும்வரை ஆட்டத்தில் சேர்க்காதீர்கள் என்று. உன் நல்லதுக்குத்தான்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் டிசம்பரில் அந்த வீட்டுக்கு வர மாட்டேன். நேராக அரியாங்குப்பம், என் அக்கா அமேலி வீட்டுக்குப் போய்விடுவேன். ஊர் பேசும். அதை நீயே பார்த்துக்கொள்.

கிளோத்


கருவடிக்குப்பம்
10 அக்டோபர் 2024

கிளோத் அவர்களுக்கு,

இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக உங்கள் பெயரைப் போட்டு எழுதுகிறேன். எழுத நன்றாகத்தான் இருக்கிறது.

பிரூனோ உங்கள் கடிதத்தை மைதானத்தில் வைத்து என் கையில் கொடுத்தார். மறைக்க மனசு வரவில்லையாம். அதற்குள் நான்கு பேர் படித்திருந்தார்கள். மனநிலை சரியில்லாதவள் என்று என் புருஷன் கைப்பட எழுதியிருந்தார். தோள் வலித்த வலியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் போய் நின்றேன்.

"என்கூட யாரு சேர்றீங்க?" என்றேன். மின்துறையில் இருந்து ஓய்வு பெற்ற கலியமூர்த்திதான், "நா வரேம்மா, தோத்தா டீ உங்க செலவு" என்றார். பதின்மூன்றுக்கு ஒன்பது, ஜெயித்தோம். டீயை பிரூனோ வாங்கிக் கொடுத்தார்.

அரியாங்குப்பத்துக்கும் போய் வந்தேன். நீங்கள் வருவீர்கள், அறையை ஒழித்து வையுங்கள் என்று அமேலி அக்காவிடம் நானே சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள், கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்கள். "ரூம் தரேன், சோறு போடறேன். ஆனா சாயங்காலத்துல நா வீட்ல இருக்க மாட்டேன்னு எழுதிடு" என்றார்கள். எங்கே போவீர்கள் என்றேன். வலது கையைத் தூக்கிக் காட்டினார்கள். காது வரைக்கும்தான் வந்தது. "ரெண்டு வருசமா இப்டித்தான் கெடக்குது. யாருகிட்ட சொல்றது?" போன சனிக்கிழமை பஸ் ஏறி மைதானத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆகவே எந்த வீட்டுக்கு வந்தாலும் ஐந்திலிருந்து ஏழு வரை பூட்டியிருக்கும். இங்கே வந்தால் சாவி வழக்கமான இடத்தில் இருக்கும். அங்கே தனியாகப் பொங்கித் தின்கிறவர்தானே, இங்கேயும் அரிசி அதே மாதிரிதான் வேகும்.

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். தீர நாளாகும். ஆனால் ஆடாமல் ஒரு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும், அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. தணிகாசலம் என்று ஒருவர் வட்டத்துக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே எறிகிறார். உங்களுக்கும் ஒரு நாற்காலி போடலாம். அதற்கு முன்னால், அந்தக் கடிதத்தைப் படித்த நான்கு பேர் எதிரில், "நான் எழுதியது பொய்" என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் உட்கார முடியாது.

உங்கள் குண்டுகள் மூன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். எனக்கென்று மூன்று வாங்கிக்கொண்டேன். உங்களுடையதைவிட நாற்பது கிராம் குறைவு, என் கைக்குச் சரியாக இருக்கிறது. பெயர் பொறிக்கிறவர், "யாரு பேரும்மா போடணும், சார் பேரா?" என்று கேட்டார்.

என் பெயரைச் சொன்னேன்.

மர்த்