கோடையிலும் பூட்டாத பள்ளி

மழைத்தெய்வம் காக்க. இரண்டு ஆறும் மூன்று குன்றமும் ஒரு குடைக்கீழ் ஆளும் வேங்கைக்கொடியாள், பெருவேங்கை நாட்டு அரசி அல்லியங்கோதை, புல்லுமலை அடிவாரப் பாசறையிலிருந்து, தலைநகர் நீரணையூரில் வீற்றிருக்கும் கல்வி அமைச்சர் நெடுமொழியாருக்கு விடுக்கும் திருமுகம். நீரணையூரின் மதிலும் மாடமும் வாழ்க. அதன் கால்வாய்கள் வற்றாதிருக்க. அங்குள்ள பிள்ளைகள் நலமுறுக. உமக்கு அறிவுக்கடல் என்னும் பட்டத்தை நாமே சூட்டினோம். இன்று அதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆகவே விட்டுவிட்டோம்.

கோடைதோறும் பள்ளிகளைப் பூட்டி வைப்பது வீண் என்றும், ஆண்டு முழுவதும் பாடம் நடத்தி இடையிடையே சில நாள் ஓய்வு விட்டால் போதும் என்றும் நீர் அவையில் வாதிட்டபோது நாமும் தலையசைத்து, உம் ஆணைக்கு முத்திரை இட்டோம். நீண்ட விடுப்பில் பிள்ளைகள் கற்றதை மறக்கின்றனர், செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர் உண்டு, ஏழைப் பிள்ளைக்கு யார் உண்டு என்று நீர் கேட்டது நியாயமான கேள்வியே. அதை இன்றும் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாணையை மலையடி ஆயர்குடிகள் மேலும் ஏற்றி, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்லும் குடிக்கு மேய்ச்சல் உரிமை இல்லை என்று யாரைக் கேட்டு எழுதினீர்? கால்வாய்க்கரையில் பிறந்த உமக்குக் கோடை என்றால் விசிறியும் மோரும். இங்கே புல் கருகும், கிணறு வற்றும். ஆடுகளோடு குடி முழுவதும் மலையேறாவிட்டால் ஓர் ஆடும் மிஞ்சாது. அவர்கள் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள் என்றா நினைத்தீர்?

மலையேறும் விடியலில் வறட்டாற்றுத் துறையில் மந்தையை நிறுத்தி, குடித்தலைவர் ஒவ்வொரு பெயராக அழைப்பார். எல்லோரும் குரல் கொடுத்த பின்னரே ஆடுகள் ஆற்றைக் கடக்கும். ஒருவர் பெயருக்கு இன்னொருவர் குரல் கொடுத்தால், குடி திரும்பி இறங்கும் வரை அவ்வுயிர் அவர் பொறுப்பு. தவறினால் தாய் சொல்வதே தீர்ப்பு. இது நம் முடியைவிடப் பழைய வழக்கம். செங்காணி என்னும் ஆய்ச்சியின் மகள் வடிவி அப்போது உம்முடைய தாழையடிப் பள்ளிக்குள் இருந்தாள். அவள் பெயர் அழைக்கப்பட்டதும், மந்தை விரைவில் நகர்ந்தால் போதும் என்று உம் பள்ளி மேற்பார்வையாளர் கரையில் நின்றபடியே, அமைச்சர் நெடுமொழியார் பெயரால் நாங்கள் இருக்கிறோம் என்று குரல் கொடுத்தார். வெறும் சடங்குச் சொல் என்று எண்ணினாராம். செங்காணி அதை நம்பி மலையேறினாள்.

சில நாளில் வடிவி பள்ளியை விட்டு வெளியேறி, ஆட்டுப்புழுக்கை கிடந்த தடம் பார்த்துத் தனியே நடந்தாள். பள்ளியில் எவரும் தேடவில்லை. உச்சி வெயிலில் பாறைமேல் கிடந்தவளை நம் குதிரைக்காவலர் கண்டு பாசறைக்குத் தூக்கி வந்தனர். உள்ளங்கால் தோல் உரிந்து போயிருந்தது; இனி நன்றாக நடப்பாளா என்பது மருத்துவருக்கே உறுதியில்லை. பள்ளியில் அடித்தார்களா என்று அவளைக் கேட்டோம். இல்லை என்றாள், பாடம் பிடிக்கும் என்றும் சொன்னாள். பிறகு, "மழ வந்தாத்தான் அம்மா வரும்னாங்க. மழ எப்ப வரும்னு வாத்தியாருக்கே தெரியல. அதான் நடந்துட்டேன்" என்றாள்.

இதற்கிடையில் உம் அலுவலகம் என்ன எழுதி அனுப்பியிருக்கிறது தெரியுமா? வடிவி இசைவின்றிப் பள்ளிக்கு வராமையால் செங்காணியின் மேய்ச்சல் உரிமை பறிக்கப்பட்டதாம். படித்தவர்கள் எழுதுகிற எழுத்தா இது? தூ!

ஆகவே நாம் இடும் ஆணை. ஆயர்குடிப் பள்ளிகள் மந்தை ஏறும் நாள் தொட்டு மழை இறங்கும் வரை பூட்டப்படும். அங்கே அடைபட்ட பிள்ளைகளை நம் காவலர் தாய்மாரிடம் சேர்ப்பர். பிள்ளைகள் மறந்தால் மீண்டும் கற்பியுங்கள்; அதற்குத்தானே ஆசிரியர்க்கு நெல் அளக்கிறோம்? உடன் மலையேற விரும்பும் ஆசிரியர்க்குக் கூடாரமும் குதிரையும் அரண்மனை தரும். கால்வாய்க்கரைப் பள்ளிகளை உம் விருப்பப்படி ஆண்டு முழுவதும் நடத்தும்; அங்கே உம் வாதம் செல்லும். பறித்த உரிமை இன்றே திரும்பட்டும்.

நீர் இவ்வோலை கண்டதும் அமைச்சு மோதிரத்தோடு புறப்பட்டு, பல்லக்கும் குடையும் இன்றி, தாழையடிப் பள்ளியிலிருந்து அச்சிறுமி நடந்த வழியே நடந்து, மகளின் செய்தி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்து நம் பாசறையில் இருக்கும் செங்காணியின் முன் நிற்க வேண்டும். குரல் உம் பெயரால் கொடுக்கப்பட்டது, தீர்ப்பு அவளுடையது. இரு என்றால் அமைச்சராக இரும். போ என்றால் மோதிரத்தை அவள் கையில் வைத்துவிட்டுப் போம். உமக்காக நாம் ஒரு சொல்லும் பேசமாட்டோம், பேசவும் இயலாது. உம்முடைய அந்தப் பள்ளி ஆணையில் இருப்பதும் நம் வேங்கை முத்திரையே. மகளை மடியில் கிடத்தியிருக்கும் அவள் நம் முகத்தையே இன்னும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மறுமொழி ஓலையாக வரலாகாது. நீரே வர வேண்டும். முத்திரை இட்டோம்.

அரசியின் வாய்மொழி கேட்டு, ஒரு சொல்லும் தணிக்காது எழுதினேன், பாசறை ஓலைநாயகம் கீரந்தை.