‘கொ’ என்பது ஒரே எழுத்து

உன் பழைய போனுக்கு இன்று காலையில் சார்ஜ் போட்டேன். பேட்டரி உப்பி, பின்மூடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. இதைத் தூக்கிப் போடச் சொல்லாத ஆள் இல்லை. நான் போடமாட்டேன். நாம் செய்கிற வெப்சைட் புதுப் போனில் நன்றாகத் தெரிவது பெரிய காரியமில்லை, ராயகிரியில் ஏழு வருஷமாகப் போனை மாற்றாத ஒருத்தருக்கும் தெரியவேண்டும் என்று இதை வைத்துக்கொண்டவள் நீ. இதில் வெளிச்சம் வருவதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். அந்த நேரத்தில்தான் உனக்கு இதை எழுதுகிறேன். போன பிறகும் என்னைக் காக்கவைக்கிறாய் பார்.

நாம் இரண்டு பேர்தான் கம்பெனி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை. பின்பக்கம் விசைத்தறிச் சத்தம். போன் வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசமுடியும். நாற்பதைத் தாண்டியும் கடைத்தெருவுக்கு நாம் ‘கம்ப்யூட்டர் பிள்ளைய’தான். உனக்கு அதில் ஏகப் பெருமை.

புளியங்குடி ஊறுகாய் அண்ணாச்சியின் வேலை நம்மிடம் வந்தது ஒரு வருஷம் ஆடி மாதத்தில். ‘கொழுந்து’ என்பது அவருடைய கம்பெனிப் பேர். வாரப் பத்திரிகைக் கதைகளில் வருவதுபோல முதல் எழுத்து மட்டும் பெரிதாக, சிவப்பாக நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். நீயும் செய்தாய். மற்ற பிரவுசர்களில் கண்ணுக்கு அழகாக வந்தது. ஒரே ஒரு பிரவுசரில் மட்டும் ‘க’ தனியாகப் பெரிதாக நின்றது. அதற்குரிய கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் சின்னதாகக் கிடந்தன. நம் பக்கம் நிறையப் பேர் போனில் இருப்பது அந்தப் பிரவுசர்தான்.

“அந்த எழுத்த மட்டும் படமா வச்சிருவோம்ட்டி. யாருக்குத் தெரியப் போவுது?” என்றேன்.

நாற்காலியை என் பக்கம் திருப்பினாய். “ஏட்டி, ‘கொ’ ஒரே எழுத்து. ஒண்ணாங்கிளாஸ்லயே சொல்லித் தந்துட்டாங்க. தரநிலையிலயும் அப்படித்தான எழுதியிருக்கு? பிரவுசர்க்காரன் அதுபடி செய்யலன்னா அவன்கிட்டதான் சொல்லணும். நாம எதுக்குப் படம் வைக்கணும்?”

நீ சொன்னது நியாயம்தான். எந்தப் பிரவுசராக இருந்தாலும் ஒரு பக்கத்தை ஒரே மாதிரி காட்டவேண்டும் என்று அதைச் செய்கிறவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட விதிகள் அவை. முதல் எழுத்தை எடுத்தால் அதன் உயிர்க்குறியையும் சேர்த்தே எடு என்று அதில் இருக்கிறது. புகார் சொல்ல ஒரு பொதுப் பலகையும் இணையத்தில் இருக்கிறது. யாரும் எழுதலாம். நீ அன்றைக்கே எழுதினாய். அவசரத்தில் சாட்சிக்கு அண்ணாச்சியின் பக்கத்தை மட்டும் கொடுத்தாய்.

அண்ணாச்சிக்குப் பொறுமை இல்லை. தினமும் போன். “தபசுக்கு ஊரே தெரண்டு வரும்லா? அதுக்குள்ள எம்பேரு ஒழுங்கா நிக்கணும்.” நம் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இன்னும் நாலு நாள். நீ சாப்பிடப் போயிருந்த மத்தியானம், ‘கொ’வைப் படமாக வெட்டி அங்கே ஒட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அண்ணாச்சி என்னை வாயாரப் புகழ்ந்தார்.

தபசு முடிந்த வாரம் பிரவுசர்க்காரனிடமிருந்து பதில் வந்தது. நீ சத்தமாக வாசித்தாய். “நீங்கள் தந்த பக்கத்தைப் பார்த்தேன். எழுத்து சரியாகவே தெரிகிறது. புகாரை முடித்துவிடுகிறேன்.” நீ பக்கத்தைத் திறந்து அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தாய். படம். மெதுவாக என்னைப் பார்த்தாய். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டித் தப்பித்திருப்பேன். நீ, “நாமளே சாட்சியக் கலைச்சிட்டோமேட்டி” என்று மட்டும் சொன்னாய்.

இரண்டு நாள் வேலையைத் தவிர வேறு எதுவும் என்னோடு பேசவில்லை. மன்னிச்சிரு என்ற சொல் வாய்வரை வந்து வந்து திரும்பிப் போனது. எனக்கு வீம்பு. இப்போது சொல்கிறேன், தப்பு என்னுடையதுதான். எத்தனையோ வேண்டாத பேச்சையெல்லாம் உன்னிடம் பேசியிருக்கிறேன், இதை மட்டும் நேரில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள், “கெளம்பு” என்றாய். புளியங்குடி பஸ் ஏறினோம். அண்ணாச்சி எலுமிச்சங்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, ஒங்க பேர ஒடைக்கணும்” என்றாய்.

“என்னம்மா சொல்லுதீய? சரி பண்ணியாச்சுல்லா? பொறவு எதுக்கு ஒடைக்கணும்?”

“ஒங்க பேரு மட்டுந்தான் சரியா நிக்கி. ‘கொ’வுல ஆரம்பிக்கிற மத்த பேரெல்லாம் ஒடஞ்சேதான் கெடக்கு. நாங்க படத்த வச்சி அத மறைச்சிட்டோம். அவன் பாக்கணும்னா ஒங்க பக்கம் ஒடஞ்சே இருக்கணும்.”

‘நாங்க’ என்றாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எலுமிச்சங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எத்தன நாளைக்கு?”

“தெரியாது, அண்ணாச்சி.”

அவர் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். “ஒளிக்காம சொல்லிட்டீய. சரி, ஒடைங்க. யாராவது கேட்டா வெளிநாட்டுக்காரன் வந்து ரிப்பேர் பாக்கான்னு சொல்லிக்கிடுதேன்.”

திரும்பியதும் படத்தை எடுத்தேன். நீ சோதனைப் பக்கம் ஒன்று செய்ய உட்கார்ந்தாய். உயிர்மெய் இருநூற்றுப் பதினாறையும் ஒவ்வொன்றாக அடித்தாய். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம், சரியாகப் பிரிந்தால் பச்சை, உடைந்தால் சிவப்பு.

“ஙௌவ யாருட்டி எழுதப் போறா? அத விட்டுத் தொலை” என்றேன்.

“யாரும் எழுதாட்டாலும் அது எழுத்துதான? இத விட்டா அவன் அடுத்தத விடுவான்.”

அந்தப் பிரவுசரில் திறந்தபோது திரை ஏறக்குறைய முழுக்கச் சிவப்பு. உனக்கு அவ்வளவு சந்தோஷம்! புகாரை மறுபடி திறந்தார்கள். மலையாளத்துக்காரர் ஒருவர் எங்களுக்கும் இப்படித்தான் என்று எழுதினார். சிங்களத்துக்காரர் தன் எழுத்துகளைப் போட்டார். முகம் தெரியாத யார் யாரோ கூட நின்றார்கள். பார்க்கிறோம், பார்க்கிறோம் என்றே பிரவுசர்க்காரர்கள் மாதங்களைக் கடத்தினார்கள். நீயும் விடவில்லை. எந்த விதி, எந்தப் பத்தி, எந்த வரி என்று மரியாதையாக, சலிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாய்.

அப்புறம் உன் உடம்பு. அதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தால், சாப்பிட்டியா என்று நான் கேட்பதற்கு முன்னால், “அவன் பதில் போட்டானா?” என்பாய். இல்லை என்றால், “போடுவான். போடாம எங்க போவான்?” என்பாய். அவன் போடுவதற்குள் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்து அறையைத் திறந்த முதல் நாள் பலகையைப் பார்த்தேன். “புகார் கொடுத்தவரிடம் ஒரு விவரம் கேட்டிருந்தோம். வெகுநாளாகப் பதில் இல்லை. எனவே இது முடித்துவைக்கப்படும்.” அதை எழுதியது மனிதர்கூட இல்லை, தானாக ஓடும் ஏற்பாடு. மேசையில் தலையை வைத்து அழுதேன். அழுது முடித்ததும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கேட்டிருந்த விவரத்தைத் தேடி எடுத்தேன். என் ஆங்கிலம் உன் ஆங்கிலம் மாதிரி இருக்காது. இருந்தாலும் எழுதினேன். “புகார் கொடுத்தவர் இறந்துவிட்டார். பிழை அப்படியே இருக்கிறது. கேட்ட விவரம் கீழே. இனி எதுவானாலும் என்னைக் கேளுங்கள்.”

மறுநாளே பதில் வந்தது. முதலில் முடித்துவைத்த அதே ஆள்தான். வருத்தம் தெரிவித்து எழுதியிருந்தான். புகார் கொடுத்தவர் இடத்தில் என் பேரை மாற்றிவிடவா என்று கேட்டான். வேண்டாம், கொடுத்தது அவள்தான் என்றேன். அடுத்தடுத்த வாரங்களில் கேள்வி மேல் கேள்வி கேட்டான். ஒன்றுக்கும் நான் தாமதிக்கவில்லை. பிழை தீர்ந்த பதிப்பு வெளிவந்த அன்று அண்ணாச்சி போன் செய்தார். “எம்பேரு ஒண்ணாக் கூடிருச்சும்மா! அந்தப் பிள்ள இல்லாமப் போச்சே” என்றார். உன் சோதனைப் பக்கத்தை அவர்கள் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு புதுப் பதிப்பும் வெளியே போகுமுன் அந்த இருநூற்றுப் பதினாறு கட்டமும் பச்சையாகவேண்டும்.

நேற்று இன்னொன்று கண்ணில் பட்டது. கட்டம் குறுகினால் வேறொரு பிரவுசர் மெய்யை ஒரு வரியிலும் அதன் புள்ளியை அடுத்த வரியிலும் போடுகிறது. பனவடலிசத்திரத்து வாடிக்கையாளர் அவசரப்படுகிறார். படமாக வைத்துவிடுங்கள் என்கிறார். ஒட்டுப் போட எனக்குத் தெரியாதா? கை பரபரத்தது. நான் போடவில்லை. சோதனைப் பக்கத்தை முதலில் செய்தேன், பிறகு புகாரை எழுதினேன். அந்தப் பக்கத்தை உன் போனிலும் திறந்து பார்க்கத்தான் இன்றைக்கு இந்தச் சார்ஜ். கொடுப்பவர் யார் என்ற இடத்தில் என் பேரைப் போட்டிருக்கிறேன். எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.