கரி பிடித்த என்ஜினுக்குத் தண்ணீர் வைத்தியம்

அம்மணி,

மனித அறிவின் வரலாற்றில் இன்று காலை ஏழரை மணியைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். நம் கிழட்டுக் காரின் தகரடப்பாச் சத்தம் அடங்கிவிட்டது. சாதித்தது நீ துணி தேய்க்கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

"உள்ளே பூரா கரி, மாப்பிள்ளை. பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று ஒர்க்ஷாப் வைத்திருக்கும் உன் அண்ணன் சொன்னபோது நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் மறக்கவில்லை. சூடான என்ஜினை உறுமவிட்டு, அது காற்றை இழுக்கும் குழாய்க்குள் பூமழையாகத் தண்ணீர் அடித்தேன். கரியெல்லாம் புகையாய்க் கிளம்பி எதிர்வீட்டு அக்காவின் துணிக்கொடிக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய வெள்ளை விரிப்புகள் நம் வாளியில் ஊறுகின்றன. அவர் கேட்டால் வாயைத் திறக்காதே. சாயங்காலம் வந்து நானே காலில் விழுந்துகொள்கிறேன்.

பத்து மணிக்கு அண்ணன் வண்டியை எடுத்துப்போக வருவார். சோறு போடு. வண்டியைக் காட்டு, கொடுத்துவிடாதே.

பி.கு.: காலை நடை முடிந்து வந்ததும் முதல் வேலையாக, உன் கைப்பையில் இருக்கும் மாற்றுச் சாவியால் காரைத் திற. என் சாவி உள்ளே மாட்டிக்கொண்டது. சத்தமே கேட்காததால் அணைத்துவிட்டதாக நினைத்துக் கதவைப் பூட்டிவிட்டேன். நான் பஸ்ஸில் போகிறேன். என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.