அச்சடித்த நாற்பது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அதுவரை சந்தோஷம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேனே, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே, எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உனக்குத் தெரியாததா. ஏன் வைத்தேன் என்று முழுதாகச் சொல்கிறேன், உன் அம்மா பாதியை மறைத்துவிட்டாள்.

உன் தம்பி பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான் என்று அவள் சொன்னது பொய். உடைத்தது நான். மத்தியானம் வெல்டிங் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தேன், சின்னவன் அம்மாவைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான், பீரோ சாவிக்காக. அவள் உதடு கிழிந்து மேலெல்லாம் ரத்தம். வாசலில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து ஒரே போடு. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதோடு விட்டேனா, கீழே விழுந்தவனை இன்னும் இரண்டு அடி அடித்தேன், பெற்ற பிள்ளையை. அம்மாதான் அவன்மேல் விழுந்து, கொன்னுடாதீங்க, கொன்னுடாதீங்க என்று மறித்தாள்.

இரண்டு வருடம் முன்பு எனக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் நடந்ததே, அப்போது வீட்டுக்கு அனுப்பும்போது நாற்பது வலி மாத்திரை கொடுத்தார்கள், அபின் வகை. மூன்று போட்டேன், தலை சுற்றியது, டப்பாவோடு அலமாரியில் வைத்து மறந்தே போனேன். கால் சுளுக்கு என்று அதில் ஒன்றை எடுத்த உன் தம்பி முப்பத்தேழையும் முடித்தான். அப்புறம் தெருவில் யாருக்கு ஆப்பரேஷன் என்றாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பான், பழம் கொடுப்பான், தலையணையைச் சரிசெய்வான். இந்தக் காலத்தில் இப்படியொரு பிள்ளையா என்று ஊரே மெச்சியது, நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். மடையன் நான். எல்லா வீட்டு அலமாரியிலும் மிச்ச மாத்திரை இருந்ததம்மா. அவன் தலையணை உறைக்குள் கண்டதை எல்லாம் உன் அம்மா அள்ளிப் பீரோவில் பூட்டினாள். அந்தச் சாவிக்குத்தான் அவள் கழுத்து.

எனக்கு ஆப்பரேஷன் நடந்த அதே ஆஸ்பத்திரியில் அவன் கை எலும்புக்குத் தகடு வைத்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு சின்ன டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு நீட்டினார். அதே மாத்திரை, அதே நாற்பது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. அந்த டாக்டரின் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தி, சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். காவலாளிகள் இரண்டு பேர் என்னைக் குப்புறத் தள்ளி முழங்காலால் அழுத்தினார்கள், முன்பல் ஒன்று போயிற்று. அந்த டாக்டர் பையன் சட்டையைச் சரிசெய்துகொண்டே, நான் எண்ணி எழுதலீங்க, சீட்டுலயே அச்சடிச்சிருக்கு, கையெழுத்து மட்டும்தான் என்னுது என்றான்.

பெரிய டாக்டரம்மா வந்து விசாரித்தார், என் பழைய பைலையும் பார்த்தார். போலீசைக் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை எங்க டாக்டர்களுக்கு வகுப்பு இருக்கு, வந்து இதைச் சொல்லுங்க, அடிக்காம சொல்லுங்க என்றார். போனேன். நான் மூணு போட்டேன், மிச்சம் முப்பத்தேழை யாருக்கு எழுதினீங்க என்று கேட்டேன். வீட்டுக்குப் போனவர் எத்தனை போட்டார் என்று யாராவது கேட்டதுண்டா என்று டாக்டரம்மா கேட்டார், ஒரு கைகூட உயரவில்லை. சாதா வலி மாத்திரையை முதலில் நேரத்துக்குக் கொடு, அதில் அடங்காவிட்டால் மட்டும் இது, அதுவும் ஆளைப் பார்த்து எண்ணி எழுது, மிச்சத்தைத் திருப்பி வாங்கு, வீட்டில் யார் யார் என்று கேள் என்று போர்டில் எழுதிப்போட்டார். அச்சுச் சீட்டைக் கிழித்தாயிற்று. நான் சுவரில் சாத்திய பையன்தான் இப்போது நோயாளிகளுக்குப் போன் போட்டு எத்தனை மிச்சம் என்று கேட்கிறான்.

தம்பி கதையை விழுங்கிவிட்டு, டாக்டர்களுக்கே பாடம் எடுத்தேன் என்று பீற்றிக்கொள்ளத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். நீயும் டாக்டர்தானே, சிரித்துக்கொண்டே, எங்க ஆஸ்பத்திரியில நாங்களும் முப்பது எழுதிடுவோம்ப்பா, இல்லன்னா நோயாளிங்க போன் போட்டு உயிரை வாங்குவாங்க என்றாய். எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன், கல்யாணமான பெண் என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

சின்னவன் இப்போது போதை சிகிச்சை விடுதியில் இருக்கிறான். நேற்றுப் போனேன். என்னைக் கண்டதும் கட்டுப்போட்ட கையைத் தூக்கி முகத்தை மறைத்தான், அடிக்கத்தான் வந்தேன் என்று நினைத்து. அந்த இடத்திலேயே என் உயிர் போயிருக்கலாம். வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். முகத்தை மறைத்த கையை இறக்கி, அக்கா எத்தனை எழுதுறாப்பா என்று கேட்டான். தெரியாதுடா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தைமேல் கை நீட்டாதே, அந்தப் புத்தி என்னோடு போகட்டும். நூறு வயது நன்றாக இரு தாயே. எனக்குப் பதில் வேண்டாம், எத்தனை என்று உன் தம்பிக்கு எழுது.

உன் அப்பா