பிச்சைத் துணியில் ஒரு சட்டை

இந்த ஆடிக் கிருத்திகையன்று சரவணப் பொய்கைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் பாட்டி என்று தன் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். அப்போதுதான் முடி இறக்கியிருந்தார்கள். தலையில் சந்தனம் காயவில்லை; அதற்குமேல் கடையில் வாங்கிய கம்பளிக் குல்லாய். ஈரச் சந்தனமும் கம்பளியும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். செத்துப்போய் எவ்வளவோ காலமாகிறது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற பழக்கம் மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை.

அந்தக் குல்லாயின் மூட்டுத் தையல் உள்பக்கம் இருந்தது. பிள்ளையின் காதுக்குப் பின்னால் தடிப்பாகச் சிவந்திருந்தது. நான் அதைக் கழற்றி, உள்ளே இருந்ததை வெளியே திருப்பிப் போட்டேன். பிள்ளை சிணுங்குவதை நிறுத்தியது. தாய்க்காரி திரும்பி வந்து பார்த்துவிட்டு, கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடி பழையபடி மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். நான் போகவிட்டேன். நீயாக இருந்தால் காவடிக் கூட்டம் முழுக்க மலையேறி முடிகிறவரை அவளை நிற்கவைத்துப் பேசியிருப்பாய்.

யுத்த காலத்தில் நாம் ஒரே வாசலுக்குள் குடியிருந்தோம். முன்பக்கம் நானும், ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரரும். பின்பக்கம் நீயும், பொதட்டூர்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டு வந்த உன் வீட்டுக்காரரும், உன் மாமியாரும். நூல் கிடைக்காமல் தறி நின்றது. அவர் ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகை கட்டுகிற கூலி வேலைக்குப் போய், எப்போதாவது வந்து தலையைக் காட்டுவார். மாமியார் துணைக்கு இருக்கிறாளே என்று யாராவது சொன்னால், அதுக்குத் தனியாவே இருக்கலாம் என்பாய்.

கல்யாணத்துக்கு முன்னால் அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் ஒரு துரைசானி வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டவள் நீ. கம்பளி பின்ன அங்கேதான் பழகினாய். யுத்தம் வந்ததும் அந்த அம்மாள் சிப்பாய்களுக்குக் குல்லாயும் காலுறையும் பின்னி அனுப்புவாள்; நீ பார்க்கப் போனால் மிஞ்சிய காக்கிக் கம்பளியை உன்னிடம் தள்ளிவிடுவாள். சைக்கிள் சக்கரக் கம்பியைத் தேய்த்து ஊசியாக்கிக்கொண்டு, அந்தக் காக்கியில் நீ மொட்டைப் பிள்ளைகளுக்குக் குல்லாய் பின்னினாய். மார்கழிக் குளிரில் வருகிறவர்கள் ஆசையாக வாங்கிப் போனார்கள். இதென்ன, முருகன் வாசலில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறாயா என்று தேங்காய்க் கடைக்காரர் கேலி செய்தார். "அவரே சேனாபதிதானேங்க, பட்டாளம் வேணாமா?" என்றாய். அதற்குப் பிறகு அவர் உன்னிடம் வாய் கொடுப்பதில்லை.

குல்லாய் குளிர்காலத்துக்குத்தான். மற்ற நாளெல்லாம் சட்டை. துணிக்குக் கண்ட்ரோல் வந்து, கடையில் அது கண்ணில் படாத காலம். நம் தெருப் பெண்கள் புருஷனின் நைந்த வேட்டியையும் தங்கள் பழஞ்சேலையையும் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தார்கள். பச்சைப் பிள்ளைக்குப் பழந்துணிதான் சுகம், புதுத் துணி அறுக்கும் என்று அவர்களைத் தேற்றுவாய். பித்தான் வைக்கமாட்டாய், நாடாதான். மூட்டுத் தையல் எப்போதும் வெளிப்பக்கம். பார்க்கிறவர்களுக்கு அழகாக இருந்து என்ன, போட்டுக்கொள்கிறதுக்கு உறுத்தக்கூடாது என்பாய்.

வயிற்றுப் பிள்ளைக்காரிகளை மட்டும் திருப்பி அனுப்பிவிடுவாய். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண், சீமந்தத்துக்கு வந்த துணியில் சட்டை தைத்துக் கொடு என்று ஆசையோடு வந்து நின்றாள். "பொறக்கட்டும், அப்பறம் வா. பொறக்காததுக்குத் தைக்கிற கை என்கிட்ட இல்ல" என்றாய். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவள் போன பிறகு நீ ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறினாய். நான்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

உனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்று தவழுவதற்கு முன்னால் போயிற்று, இன்னொன்று குப்புற விழுவதற்கு முன்னால். இரண்டுக்கும், அவை வயிற்றில் இருக்கும்போதே நீ தைத்து அடுக்கி வைத்திருந்தாயாம். எல்லாம் குழியோடு போயிற்று. ஊரான் பிள்ளைக்கெல்லாம் இவள் தையல் பொருந்துகிறது, சொந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆகவில்லை, கை ராசி அப்படி என்று உன் மாமியார் கிணற்றடியில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். நீ ஒரு நாளும் அவளோடு சண்டைக்குப் போகவில்லை. வாயாடி நீ, இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டது எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கோ பிள்ளையே இல்லை. ஊர் அதற்கு வைத்திருக்கிற பேரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த நாளில் காதால் கேட்டதே போதும்.

மூன்றாவது தடவை நீ முழுகாமல் இருந்தபோது மருத்துவச்சி ஒரு வழி சொன்னாள். பிள்ளை தங்காத வீடுகளில் செய்கிறதுதான். பிறக்கப்போவதற்கு வீட்டுத் துணி ஆகாது; பிள்ளைகள் நன்றாக இருக்கிற வீடுகளில் துண்டுத் துணி பிச்சை வாங்கித் தைத்துப் போடவேண்டும். பெற்றவள் கை அதில் படக்கூடாது. பிறந்ததும் முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைக்கவேண்டும். வேறொருத்தி அதைக் கண்டெடுத்து, என் பிள்ளை என்று சொல்லவேண்டும். தீட்டுக் கழிகிற நாளில் பெற்றவள் அவளுக்குத் தவிடு கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பெற்ற பிள்ளை அல்ல, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று ஆகிவிட்டால் எமன் இந்த வீட்டில் அதைத் தேடமாட்டான்.

துணி கேட்டு நான் போனேன். கந்தலைக்கூட யாரும் கை விடாத காலம், ஆனாலும் எதற்கு என்று சொன்னதும் இல்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. இரும்புக்கடை சாயபு வீட்டம்மா தன் கடைசிப் பையன் சட்டையின் கையையே வெட்டிக் கொடுத்தாள். நடவு முடித்துவிட்டு வந்த ஒரு பெண், கட்டியிருந்த சேலையின் முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சேறு கழுவிப் போட்டுக்கோ என்றாள். வாங்கி வந்த துண்டுகளில் ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இல்லை.

தைத்ததும் நான்தான். நான் தைக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். நீ எதிரே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாய். நான் பெரியவர்கள் சட்டை மாதிரி மூட்டுத் தையலையெல்லாம் உள்பக்கம் வைத்து முழுக்கத் தைத்து, பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். "இன்னாக்கா இது, சட்டையா சாக்கா? மூட்டு பூரா உள்ள போயிட்ச்சே" என்றாய். சிரித்தாய், ஆனால் கண் கலங்கியிருந்தது. பிரித்து மறுபடி தைத்தேன். நீ தொட்டிருந்தால் ஒரு மூச்சில் முடிந்திருக்கும். தொட்டுவிடுவோமோ என்று இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிச் செருகிக்கொண்டிருந்தாய். அந்தக் கைகளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

கண்டெடுப்பது யார் என்பதில் வீட்டில் ரகளை வந்தது. நிறையப் பெற்று, அத்தனையும் உயிரோடு இருக்கிற ஒருத்தி எடுக்கவேண்டும் என்பது வழக்கம். எதிர்வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். நீ என்னைக் காட்டினாய். உன் மாமியார் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். மருத்துவச்சியும் ஆகாது என்றாள். நானே வேண்டாம் என்றேன். நீ என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

"நாலு பெத்தவளுக்கு இது வெளையாட்டு, அக்கா. எடுப்பா, குடுப்பா, பூடுவா. எமன் இன்னா முட்டாளா? உனக்குத்தான் இது மெய்யா இருக்கும். மெய்யா இருந்தாத்தான் அவன் நம்புவான்."

என் வெறும் மடிக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னவள் உலகத்தில் நீ ஒருத்திதான். அதற்குமேல் நான் மறுக்கவில்லை.

பெண் பிறந்தது. முறத்தில் போட்டுக் கொல்லைக் குப்பைமேட்டில் வைத்தார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அது கத்தியது. நான் வாரி எடுத்து, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி, குப்பையில் கிடைத்தது, என் பிள்ளை என்றேன். அந்தக் கோணல் சட்டையைப் போட்டு நாடாவைக் கட்டினேன். குப்பம்மா என்று பேரும் வைத்தாயிற்று. பால் கொடுக்க உன்னிடம் கொண்டுவந்தபோது நீ முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாய். அன்று முதல், "அக்கா, உன் பிள்ள அழுதுகினு கீது, வந்து தூக்கு" என்றுதான் கூப்பிட்டாய். ஒரு தடவைகூடக் கொஞ்சவில்லை. பிள்ளை பால் குடிக்கும்போது மட்டும் ஒரு விரலால் அந்தச் சட்டையின் மூட்டுத் தையலைத் தடவிக்கொண்டிருப்பாய். யாராவது வந்தால் விரலை எடுத்துவிடுவாய்.

தீட்டுக் கழிவதற்குள் உனக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் கொடுத்தார்கள், நெற்றியில் பத்துப் போட்டார்கள். கம்பவுண்டர் வந்து பார்த்து, யுத்தத்தால் நல்ல மருந்து எதுவும் வருவதில்லை என்று ஒரு சிவப்புத் தண்ணீரைக் கலந்து கொடுத்துவிட்டுப் போனார். பிரசவ ஜன்னி, பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவச்சி என்னிடம் மட்டும் சொன்னாள். ஆவடிக்குத் தந்தி போயிற்று. நான் ஓடிப்போய் ஒரு படி தவிடு கொண்டுவந்து உன் தலைமாட்டில் வைத்தேன். நாளும் வேண்டாம் கிழமையும் வேண்டாம், இப்போதே வாங்கிக்கொள், உன் பிள்ளை என்று சொல்லி ஒரு தடவையாவது கையில் பிடி என்று கெஞ்சினேன். நீ தவிட்டைப் பார்த்தாய். பிறகு பிள்ளையை, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, வைத்த கண் எடுக்காமல் பார்த்தாய்.

"இப்ப வாங்கினா என் பிள்ளன்னு ஆயிடும்க்கா. எமன் என்னை இட்டுகினு போவத்தான் வந்துகினு கீறான். பக்கத்துலயே கீதுன்னு அதையும் இட்டுகினு பூடுவான். வேணாம். உன்னுதாவே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் நீ போய்விட்டாய்.

பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். பிள்ளைக்குப் பால் வேண்டும். ஆட்டுப்பாலைச் சங்கில் புகட்டினேன், வயிற்றால் போயிற்று. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தேன், அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. கத்துவதற்குக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டுகொண்டது. பொதட்டூர்பேட்டையில் உன் நாத்தனார் கைப்பிள்ளைக்காரி, அவளிடம் பால் இருந்தது. உன் வீட்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்றார். தெலுங்கு வீட்டு வழக்கப்படி, அண்ணி என்பதற்கு வதினா என்றுதான் என்னை எப்போதும் கூப்பிடுவார். "வதினா, தவுடு கொண்டாந்து கீறேன். குடுத்துடுங்க" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அது என் கையிலேயே போயிருக்கும். தவிட்டை மட்டும் வாங்கவில்லை. "பிள்ளய எடுத்துகினு போங்க. நல்லா வளத்துக்கோங்க. நான் விக்கல" என்றேன். உன் மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். பிள்ளையே போய்விட்டது, தவிட்டில் என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. அது நமக்குள் பேசிக்கொண்டது.

உன் ஊசிகளை நான் எடுத்துக்கொண்டேன். பொதட்டூர்பேட்டைக்குப் போகிறவர்கள் கையில் மாதம் ஒரு சட்டை அனுப்பினேன். பார்க்காத பிள்ளைக்கு அளவு ஏது? முதல் சட்டை தலையில் நுழையவே இல்லை என்று நாத்தனார் சொல்லியனுப்பினாள். அடுத்தது கணுக்கால் வரை தொங்கியதாம். எதிர்வீட்டில் ஏறக்குறைய அதே வயதில் ஒரு பிள்ளை இருந்தது. அதன்மேல் வைத்துப் பார்த்துத் தைத்தேன். அது குண்டு, நம்முடையது நரம்பு மாதிரி ஒல்லி என்று மறுபடி சேதி வந்தது. தப்பும் தவறுமாகத் தைத்தே எனக்குத் தையல் வந்துவிட்டது. உனக்குப் பிறகு தெருவில் பிறந்ததற்கெல்லாம் நான்தான் தைத்தேன்.

முதல் முடி இறக்க அவளை இங்கே மலைக்குக் கூட்டிவந்தார்கள். உன் காக்கிக் கம்பளியில் மிச்சம் இருந்ததைப் பின்னி வைத்திருந்தேன். போட்டதும் சரியாக உட்கார்ந்தது. நான் கையை நீட்டினேன். யாரோ என்று மிரண்டு, அத்தை தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டாள். எமன் நம்பினானோ என்னவோ, அவள் நம்பவில்லை.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் நாத்தனார் முறத்தில் தவிட்டோடு வந்து நின்றாள், இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண், பழைய பாக்கி எதுவும் வேண்டாம் என்று. திருப்பி அனுப்பினேன். பிடிவாதக்காரி என்று பேர் வாங்கினேன். குப்பம்மாவுக்கு நான்கு பிறந்து நான்கும் நன்றாக இருக்கின்றன. ஒன்றுகூடத் தவறவில்லை, கேட்டாயா? வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறாள். பெரியம்மா என்கிறாள். பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறாள். அவள்மேல் எனக்குக் குறையில்லை. பால் கொடுத்து வளர்த்தவள்தானே அம்மா.

என் வீட்டுக்காரரும் போய்விட்டார். எனக்கு இப்போது மூச்சு இரைக்கிறது, கோயில் படியில் கால் வைப்பதில்லை. அடுத்தது என் வாசல்தான் என்று தெரிகிறது. வருகிற எமன் சும்மா வரமாட்டானே, இவளுக்கு என்று யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பானே. நீ சொன்னது மெய்யென்றால் குப்பம்மா இன்றைக்கும் என் பிள்ளை. நீ எதற்குப் பயந்து அவளை வாங்காமல் போனாயோ, அந்தப் பயம் இப்போது என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் கண்ணை மூடுவதற்குள் அவளை விற்றாகவேண்டும்.

அவளுடைய மூத்த மகளைக் கூப்பிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துவிட்டு உன் அம்மாவை வாங்கிக்கொள் என்று சொன்னால் முடிந்தது. சிரிப்பாள், ஆனால் செய்வாள், நல்ல பெண். போன தடவை இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். சொல்ல நினைத்தேன். காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நீ அன்றைக்கு ஜுர வேகத்தில் ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டாய். தையில் மறுபடி வருகிறார்கள். இந்தத் தடவை சொல்லிவிடுவேன். சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்குப் பிள்ளை இல்லை.