போனுக்குள் வைத்த இரும்பு

நேற்று மத்தியானம் படுத்துக்கொண்டே போன் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் அசந்தது, கை நழுவியது, போன் நேராக வந்து வாயில் விழுந்தது. கீழுதடு கிழிந்து ரத்தம். கண்ணாடி முன்னால் நின்று உதட்டில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் இருந்திருந்தால் முதலில் போனை எடுத்துக் கீறல் விழுந்ததா என்று பார்த்திருப்பீர்கள். அடுத்து அதைத் தராசில் வைத்திருப்பீர்கள். என் உதட்டிடம் அப்புறம்தான் வந்திருப்பீர்கள், வந்திருந்தால்.

மகள் வாங்கிக் கொடுத்த போன் இது. முன்னாலும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி, சுற்றிலும் உலோகச் சட்டம். முதுகில் மூன்று கேமரா புடைத்துக்கொண்டு நிற்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது. நீங்கள் செய்த போன் மூன்றைச் சேர்த்துக் கட்டினால்தான் இதன் எடை வரும். ஊரே இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. பேட்டரி ராத்திரி வரைக்கும் நிற்கிறதே, படம் நன்றாக விழுகிறதே, கனத்தால் என்ன என்கிறார்கள். உங்கள் கட்சி தோற்றுப்போய்விட்டது ஐயா. டெபாசிட்டும் போய்விட்டது.

எனக்கு அதில் சந்தோஷம்தான். பொய் எதற்கு? செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். கடைசியில் இடமிருந்தால் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பதில் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். என் தையல் மிஷினை ஏன் பழைய இரும்புக் கடையில் போட்டீர்கள்?

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கு. ஓசூரில் சிப்காட்டுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நீங்கள் ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து டிப்ளமா படித்து வந்தவர். நான் அருப்புக்கோட்டையிலிருந்து உங்களைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஒரு சின்ன கம்பெனி சொந்தப் பெயரில் மலிவாக போன் செய்து விற்கப் பார்த்தது. அதன் வெளிக்கூட்டை வரைகிற வேலை உங்களுக்கு. சந்தையிலேயே இதுதான் லேசான போன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் உங்கள் ஆசை. பிளாஸ்டிக் சுவரை மெலிதாக்கினால் கீழே விழும்போது விரிசல் விட்டுவிடும். திருகைக் குறைத்தால் கையில் பிடிக்கும்போது கிறீச்சென்று சத்தம் வரும். பேட்டரியைச் சின்னதாக்கினால் சாயங்காலத்துக்குள் உயிரை விட்டுவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சோற்றுக்கு உட்கார்ந்தால் வேறு பேச்சே கிடையாதே.

"ஒண்ணு வேணும்னா இன்னொண்ண உட்டுத்தான்டி ஆவணும். ரெண்டும் வேணும்னு சொல்றவன் டிசைனரே கெடையாது" என்பீர்கள்.

கம்பெனியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அங்கேயிருந்து ஒரு சின்ன மின்தராசை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் சாப்பிட வந்திருந்தபோது, என் இட்லிகளை ஒவ்வொன்றாக அதில் வைத்தீர்கள். "ஒவ்வொண்ணும் ஒரு வெயிட்டு. ப்ராசஸ் கன்ட்ரோலே இல்ல." அவர்கள் சட்னியைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளை பெற்ற பிறகு எனக்கு உடம்பு போட்டுவிட்டது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க நின்றால், மேல்படியில் நின்றுகொண்டு சொல்வீர்கள்: "உன்ன டிசைன் பண்ணவன் மெட்டீரியலப் பத்திக் கவலையே படல."

அட பாவி மனுசா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மீதிப் படியை ஏறுவேன்.

உங்கள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது என் மிஷின்தான். இரும்புக் கால் வைத்த, மிதித்துத் தைக்கிற மிஷின். அம்மா சீராகக் கொடுத்தது. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸின் மேல் ஏற்றி வந்து, மூன்று மாடிக்கு நாலு பேர் சுமந்தார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை நான்தான். "இவ்ளோ இரும்பு என்னாத்துக்கு? வேல செய்யறது மேல இருக்கற தலதான். கீழ இருக்கறது பூரா சும்மா" என்பீர்கள். சும்மா இல்லை, அந்தக் கனம்தான் அதை அசையாமல் பிடித்துக்கொள்கிறது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

உங்கள் ஊரில் மாமனார் திதிக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? குருபரப்பள்ளியில் ஒரு டீலரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பாதியில் இறக்கிவிட்டீர்கள். சட்டைப் பையில் உங்கள் முதல் சாம்பிள் போன். வழியெல்லாம் நாலு அடிக்கு ஒருதரம் பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டீர்கள். அவ்வளவு லேசு. இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று உங்களுக்கே தெரியாது.

கடைக்காரர் உங்கள் போனை ஒரு உள்ளங்கையிலும், வேறு ஏதோ மலிவு போனை இன்னொரு உள்ளங்கையிலும் வைத்து ஏற்றி இறக்கினார். அந்தப் பக்கத்தில் எதையும் அப்படிப் பார்த்துத்தானே வாங்குவார்கள், அலுமினியக் குண்டானாக இருந்தாலும் மாம்பழமாக இருந்தாலும். "இன்னா சார், காத்தாட்டம் இருக்குது? எங்க சனம் கையில கனம் பாத்துதான் காசு எடுக்கும்" என்றார். நீங்கள் விடவில்லை. லேசாக இருப்பதுதான் நல்லது, கை வலிக்காது, பையை இழுக்காது என்று விளக்கிக்கொண்டிருந்தீர்கள். அப்போது சாமான் வாங்க வந்த ஒரு விவசாயி அதைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரரிடமே திருப்பி நீட்டினார்.

"பேட்டரி போட்டுக் காட்டுப்பா."

பேட்டரி உள்ளேதான் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். இடுப்பில் இருந்த பிள்ளையும் என்னைப் பார்த்துச் சிரித்தது. இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது, உதடு வலிக்கிறது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அம்மாடி!

எல்லா டீலரும் அதையே சொன்னார்களாம். மொதலாளி பெங்களூர்க்காரர், வேணும் என்பதைக் கன்னடத்தில் 'பேக்கு' என்பார். "வெயிட்டுதானே பேக்கு, குடுத்துட்டுப் போ. ஒரு துண்டு இரும்பு உள்ள வெய்யி" என்றுவிட்டார். எந்த வேலையும் செய்யாத இரும்பு. கனமாக இருப்பது மட்டுமே அதன் வேலை. அதற்கு இடம் விட பேட்டரியைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. முதலில் தகட்டை மேலே வைத்தார்கள். அது ஆன்டெனாவை மறைத்து, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் போன்கூட நம் டவரை விட்டுக் கர்நாடகா டவரைப் பிடித்தது. கன்னடத்தில் வரவேற்புச் செய்தியும் வந்தது, பின்னாலேயே ரோமிங் கட்டணமும் வந்தது. வாங்கினவர்கள் கடையில் போய்க் கத்தினார்கள். பிறகு நீங்கள்தான் தகட்டைக் கீழே இறக்கிச் சரிசெய்தீர்கள். போன் நன்றாக ஓடியது. "கெட்டியான போன்" என்று பெயர் வாங்கியது. பார்ட்டி வைத்தார்கள். நீங்கள் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து, தயிர்ச்சோறு கேட்டீர்கள். "என்னுதுல மட்டும் இரும்பு கெடையாது. ஒரிஜினல் டிசைன்" என்று பையிலிருந்த சாம்பிளை எடுத்து மகளிடம் காட்டினீர்கள்.

மறுநாள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரப் போனேன். திரும்பி வந்தால் ஜன்னலோரம் காலியாக இருந்தது. தரையில் நாலு கால் தடம். ஊசியில் மாட்டியிருந்த ரவிக்கையை மட்டும், நூலை வெட்டி எடுத்து, அழகாக மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தீர்கள்.

"மிஷின் எங்கங்க?"

"இரும்புக் கடக்காரன் வந்தான், குடுத்துட்டன். ஊட்லயாவது வெயிட் கொறையட்டும்."

"ஏங்க குடுத்தீங்க? எங்கம்மா குடுத்ததுங்க அது!"

நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். கடைக்கு ஓடினேன். அதற்குள் தலையை வேறாகவும் காலை வேறாகவும் உடைத்துப் போட்டுவிட்டான். அன்று நான் அழுத அழுகையை மூன்று மாடியும் கேட்டது, உங்களைத் தவிர. பிறகு ஒரு மோட்டார் மிஷின் வாங்கித் தந்தீர்கள். ஒற்றைக் கையில் தூக்கலாம். வேகமாகத் தைத்தால் மேசையில் நடக்க ஆரம்பித்துவிடும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தைத்தேன்.

அதற்கடுத்த இரண்டாம் வருஷம் உங்களுக்கு வயிற்றில் புற்று வந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் எடை மிஷினில் ஏற்றுவார்கள். வேட்டி நழுவ நழுவ நிற்பீர்கள். ஒருநாள் நர்ஸ் "நலவத்து" என்றாள். நாற்பது கிலோ. நான் சொன்னேன்: "என்னங்க, டார்கெட்டத் தொட்டுட்டீங்க."

நர்ஸ் என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பார்க்கட்டும், அவளுக்கு மிஷின் கதை தெரியாது. நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "இன்னும் கொறைக்கலாம்டி" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கைவிட்டு அனுப்பிய அன்று, வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. படி ஏற உங்களால் முடியவில்லை. யாரையும் கூப்பிடவில்லை, நானே முதுகில் ஏற்றிக்கொண்டேன். மூன்று மாடி. என் உடம்பில் வேண்டாதது என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு கிலோவும் அன்றைக்கு வேலைக்கு ஆனது. எப்போதும் மூச்சு வாங்க நிற்கிற அந்தப் படியில் நான் அன்றைக்கு நிற்கவேயில்லை. என் தோளில் உங்கள் தாடை குத்திக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்வீர்கள் என்று காது கொடுத்துக்கொண்டே ஏறினேன். கட்டிலில் இறக்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

ஒகேனக்கல்லில் உங்களைக் கரைக்க நானும் போனேன். பொம்பிளை வரக் கூடாது என்ற உங்கள் பங்காளிகளை ஒரு முறை முறைத்தேன், விட்டுவிட்டார்கள். வழியெல்லாம் சட்டி என் மடியில்தான். கனமே இல்லை. நீங்கள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பீர்கள்.

வந்த மறுநாள், சிம் கார்டை எடுக்க உங்கள் சாம்பிள் போனைத் திறந்தேன். கடைசி வரைக்கும் தலைமாட்டில் வைத்திருந்தீர்களே, அந்த ஒரிஜினல் டிசைன். மூடியைக் கழற்றினேன். உள்ளே இரும்பு.

கம்பெனித் தகடு இல்லை. அது மெஷினில் வெட்டியது, விளிம்பு நேராக இருக்கும். இது கையால் வெட்டி, மூலையை அரத்தால் ராவி வழவழப்பாக்கியது. கூட்டை உள்பக்கம் சுரண்டி இடம் பண்ணிப் பசை போட்டு ஒட்டியிருந்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு எப்போதோ நின்றுபோயிருந்தது. மிஷின் போவதற்கு முன்னாலா, பின்னாலா? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

எப்போது வைத்திருந்தாலும், கனம் எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று உடம்புக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். என் மிஷினின் இரும்புக் காலும் அதற்குத்தான். தெரிந்ததும் என்னிடம் வந்து, தப்புப் பண்ணிட்டேன்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் டிசைனில் எது குறைந்திருக்கும்? அரம் பிடித்து ராவ நேரமிருந்தது, வாயைத் திறக்க நேரமில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்லதாக நாலு வார்த்தைக்கு இந்த மடலில் இடமில்லை, போங்கள்.

நேற்றுச் சாயங்காலம் மகள் வந்து என் வீங்கின உதட்டைப் பார்த்துவிட்டு, போனைக் கையில் தூக்கினாள். "என்னம்மா, என் போனும் இதேதான், ஒன்னுது மட்டும் ஏன் இவ்ளோ கனம்?" என்று பின் உறையைக் கழற்றினாள். உறைக்கும் போனுக்கும் நடுவில் இருந்த தகடு அவள் கையில் விழுந்தது. எனக்கு இது மூன்றாவது போன். மூன்றிலும் நீங்கள் ராவின அந்தத் தகட்டை நான்தான் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வருகிறேன்.

"ஐயோ அம்மா, இரும்பு வெச்சா சிக்னல் கொறையும்மா. அப்பாவே அதுக்கு எவ்ளோ சண்ட போட்டாருன்னு நீதான சொல்லுவ?"

நான் தகட்டை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்து, உறையை அழுத்தி மாட்டினேன்.

"கொறைஞ்சா கொறையட்டும்" என்றேன். "கூப்பிட வேண்டிய மனுசன் இனிமே கூப்பிடவா போறாரு?"